பக்கவாட்டு முகம்: நான்கு பல் எடுக்கச் சம்மதிக்கும் முன் வீட்டில் செய்து பார்க்க ஒரு முறை

"பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கு, கிளிப் போட்டா சரியாயிடும்" என்கிறார் அத்தை. "பைமேக்ஸ் கேஸ், நாலு பிரீமோலார் எடுத்துட்டு உள்ளே இழுக்கணும்" என்கிறார் பல் மருத்துவர் (பைமேக்ஸ் என்றால் மேல், கீழ் இரு வரிசைப் பல்லும் முன்னால் இருப்பது; பிரீமோலார் என்பது முன்கடைவாய்ப்பல்). இருவரும் ஒரே முகத்தைத்தான் சொல்கிறார்கள். பார்க்கும் விதம்தான் வேறு. அத்தை முகத்தை மொத்தமாகப் பார்க்கிறார். அதில் நிறம், முடி, சிரிப்பு எல்லாம் கலந்திருக்கும். மருத்துவர் நெற்றி முதல் மோவாய் வரை ஒரு கோடாகப் பார்க்கிறார். எங்கே 2 மி.மீ. மிகை, எங்கே 3 மி.மீ. குறை என்று அந்தக் கண் பழகிவிட்டது. சம்பந்தப்பட்ட ஆளோ தன் பக்கவாட்டு முகத்தைப் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. கண்ணாடி அதைக் காட்டுவதில்லை.

பக்கவாட்டு முகம் பற்றி யார் என்ன சொன்னாலும், அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. வித்தியாசம் கண்ணில் படுகிறதா? பட்டால், அது அழகைக் குறைக்கிறதா? குறைத்தால், ஆரோக்கியமான நான்கு பற்களைக் கொடுத்து இரண்டு வருடம் கிளிப் போடும் அளவுக்குக் குறைக்கிறதா? பல் சீரமைப்பு நிபுணரின் பயிற்சி முதல் கேள்வியிலிருந்து மூன்றாவதற்கு வேகமாகத் தாவ வைக்கும். வீட்டில் பேசும்போது மூன்றும் ஒன்றாகக் குழம்பும். இவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேர்மையாகப் பதில் வாங்க ஒரு வழி கீழே இருக்கிறது. தேவைப்படுபவை ஒரு செல்போன், ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், நான்கைந்து பட்டர் பேப்பர், ஒரு கறுப்பு மார்க்கர், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

படம் எடுப்பது

பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. செல்ஃபி தூரத்தில் எடுத்த படம் எதற்கும் உதவாது. கை நீளத்துக்குள் எடுத்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் பகுதி பெரிதாகத் தெரியும். சுமார் 30 செ.மீ. தூரத்தில் நேர்முகமாக எடுத்த படத்தில் மூக்கின் அகலம் 30 சதவீதம் வரை கூடித் தெரியும் என்று அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் 2018-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். எனவே இன்னொருவர் 1.5 மீட்டர் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூம் வைத்து எடுக்கட்டும். போர்ட்ரெய்ட் மோட், பியூட்டி ஃபில்டர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். கேமரா லென்ஸ் காது உயரத்தில் இருக்கட்டும். பின்னால் வெள்ளைச் சுவர் அல்லது வெள்ளை வேட்டி. முடியைப் பின்னால் கட்டி, துப்பட்டாவைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள வளைவும் பக்கத் தோற்றத்தில் சேர்ந்தது. தாடி வைத்திருப்பவர் மழிக்காமல் எடுத்தால் மோவாய் எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

தலை நிற்கும் விதம் அடுத்தது. எதிர்ச் சுவரில் கண் உயரத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டி, அதில் தன் கண்ணையே பார்க்கச் சொல்லுங்கள். இதை இயல்பான தலைநிலை என்பார்கள். மூர்ரீஸ், கீன் என்ற இருவர் 1958-லேயே இதை விளக்கியிருக்கிறார்கள். ஏன் இவ்வளவு கவனம்? நெற்றிக்கும் மோவாய்க்கும் செங்குத்தாகச் சுமார் 12 செ.மீ. தலையை 5 டிகிரி மேலே தூக்கினால் போதும், நெற்றியோடு ஒப்பிட மோவாய் 1 செ.மீ. முன்னால் வந்ததுபோல் தெரியும். கல்யாண ஆல்பத்தில் போட்டோகிராபர் "நாடியைத் தூக்குங்க" என்று சொல்வது இதனால்தான். சின்னத் தாடை உள்ளவர்கள் பலர் தங்களை அறியாமலே தலையைத் தூக்கி நிற்பார்கள்.

இதைவிட முக்கியம் உதடு. "வாயை மூடுங்க" என்று சொல்லி எடுக்கவே கூடாது. பல் முன்னால் இருப்பவர் உதட்டை மூட வேண்டுமானால், மோவாய்த் தசையை இறுக்கிக் கீழுதட்டை மேலே தள்ள வேண்டும். அந்த நொடியில் மோவாயை உற்றுப் பாருங்கள்: ஆரஞ்சுத் தோல்போல் சின்னச் சின்னக் குழிகள் விழும், மோவாயின் உருண்டை தட்டையாகும், கீழுதட்டுக்கு அடியில் உள்ள பள்ளம் மறையும். அப்படி எடுத்த படத்தில் "மோவாய் இல்லை" என்று முடிவுக்கு வருவது, இல்லாத குறையை உண்டாக்குவது. "எம்மா" என்று சொல்லச் சொல்லி, பிறகு எச்சிலை விழுங்கி, உதட்டைத் தளர விடச் சொல்லுங்கள். பின்பற்கள் மெல்லத் தொட்டிருக்கட்டும், உதடு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். தளர்ந்த நிலையில் ஒரு படம், மூடிய நிலையில் ஒரு படம், சிரிப்பில் ஒரு படம். மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் கண்காணியுங்கள். கீழ்த்தாடை பின்தங்கியவர்கள் படம் எடுக்கும்போது தாடையை முன்னால் நீட்டிக்கொள்வார்கள். கடைவாயில் கடித்துக் காட்டச் சொன்னால் தாடை பின்னால் நழுவும். நழுவிய இடம்தான் உண்மையான இடம்.

அளவுக்காக 15 செ.மீ. ஸ்கேலை மூக்கு நுனிக்கு 5 செ.மீ. முன்னால், முகத்தின் நடுக்கோட்டுத் தளத்திலேயே செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தால் அது கேமராவுக்குச் சுமார் 7 செ.மீ. நெருங்கிவிடும், 1.5 மீட்டரில் அது 5 சதவீதப் பிழை. அரை மீட்டரிலிருந்து எடுத்தால் 14 சதவீதம்.

அளப்பது, அளவு எங்கே ஏமாற்றும்

தளர்ந்த உதட்டுப் படத்தை ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில், படத்திலுள்ள ஸ்கேலின் 10 செ.மீ. நிஜமாகவே 10 செ.மீ. வரும்படி அச்சிடச் சொல்லுங்கள். இனி மி.மீ. கணக்கை நேராகத் தாளிலேயே அளக்கலாம்.

மூக்கு நுனியையும் மோவாயின் முன்புள்ளியையும் தொட்டு ஒரு கோடு போடுங்கள். ராபர்ட் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் புகழ் பெறச் செய்த ஈ-கோடு இதுதான். வளர்ந்த வெள்ளை அமெரிக்கர்களுக்கு அவர் சொன்ன அளவு: கீழுதடு இந்தக் கோட்டுக்குச் சுமார் 2 மி.மீ. பின்னால், மேலுதடு சுமார் 4 மி.மீ. பின்னால். இந்த எண்ணைத் தமிழ்நாட்டு முகத்தின் மேல் அப்படியே வைத்தால் ஊரில் பாதிப் பேர் நோயாளிகள் ஆவார்கள். தென்னிந்தியர்களுக்கு உதடு இயல்பாகவே இன்னும் முன்னால் நிற்கும். கீழுதடு கோட்டைத் தொட்டோ ஓரிரு மி.மீ. தாண்டியோ இருப்பது இங்கே சாதாரணம். இதை மறந்து வெளியூர் எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லும் "மிகை" பற்றி மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு: "இந்த அளவு எந்த மக்களின் சராசரி?"

அடுத்த சிக்கல், கோட்டின் இரு முனைகளும் நகரக்கூடியவை என்பது. மூக்கு நுனியிலிருந்து மோவாய்ப் புள்ளி வரை செங்குத்து தூரம் 67 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேலுதடு 25 மி.மீ. கீழே, கீழுதடு 40 மி.மீ. கீழே. மோவாய் 5 மி.மீ. குறைவாக இருந்தால் கோடு கீழுதட்டின் இடத்தில் 3 மி.மீ., மேலுதட்டின் இடத்தில் கிட்டத்தட்ட 2 மி.மீ. பின்னால் போகும். உதடு இம்மியும் நகராமலே "உதடு 3 மி.மீ. தள்ளி இருக்கிறது" என்ற தீர்ப்பு வந்துவிடும். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் பொருந்தும்: 12 வயதுப் பையனுக்கு மூக்கு இன்னும் 3 மி.மீ. முன்னால் வளர்ந்தால் மேலுதடு கோட்டுக்குள் 2 மி.மீ. தானாகப் போய்விடும். மோவாயும் வளரும். பையன்களுக்கு மூக்கும் தாடையும் 17, 18 வயது வரைகூட வளர்வதுண்டு. பெண் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டு முன்பே அடங்கும். 12 வயதில் "கச்சிதமாக" இழுத்து வைத்த உதடு 22 வயதில் குழி விழுந்த முகமாகத் தெரிவதற்கு இந்த வளர்ச்சிதான் காரணம்.

மூக்கின் அடிப்பகுதிக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தையும் பாகைமானியால் அளந்து வையுங்கள். 90 முதல் 110 டிகிரிக்குள் இருப்பது வழக்கம். உதடு பின்னால் போகப்போக இந்தக் கோணம் விரியும். ஏற்கெனவே 110-ஐத் தொட்டிருப்பவருக்கு மேல்வரிசையை இன்னும் இழுப்பது பெரும்பாலும் நன்மை செய்யாது. ஆனால் மூக்கு நுனி மேல்நோக்கி இருப்பவருக்கும் கோணம் விரிந்துதான் இருக்கும். மூக்கடி, மேலுதடு என்ற கோணத்தின் இரண்டு கோடுகளில் எது சாய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

கடைசியாக உதட்டு இடைவெளி. தளர்ந்த நிலையில் 3 மி.மீ. வரை இயல்பு. 6, 7 மி.மீ. இருந்து, மூடும்போது அந்த ஆரஞ்சுத் தோல் குழியும் விழுந்தால், அங்கே அழகுக்கு அப்பாற்பட்ட ஒரு காரணம் இருக்கிறது: வாய் இயல்பாக மூடவில்லை. இதை அழகுக் கணக்கோடு சேர்க்காமல் தனியாக எழுதி வையுங்கள். சிரிக்கும்போது ஈறு நிறையத் தெரிகிறது, முகமும் நீளம் என்றால் மேல்தாடை உயரத்தில் சிக்கல் இருக்கலாம். நான்கு பல்லை எடுப்பது அதை முழுதாகத் தீர்க்காது.

குற்றவாளி உதடா, மோவாயா

இதற்கு ஒரு சுலபமான சோதனை. கீழ் முன்பல்லின் விளிம்பு மேல் முன்பல்லின் விளிம்புக்கு நேரே வரும் வரை கீழ்த்தாடையை முன்னால் நீட்டி, உதட்டை மெல்ல மூடி, அதே இடத்தில் இன்னொரு படம் எடுங்கள். முகம் தெளிவாக மேம்பட்டால் பிரச்சினை பின்தங்கிய கீழ்த்தாடையில். நீட்டியதும் வாய்ப்பகுதி இன்னும் முன்னால் துருத்தினால், இரு வரிசைப் பல்லும் முன்னால் இருக்கின்றன. மருத்துவர்களும் இதே சோதனையைச் செய்வார்கள். 11 முதல் 13 வயதுக் குழந்தைக்கு முதல் விடை வந்தால், ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவியால் வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. அந்த வயதில் அவசரப்பட்டு மேல்வரிசையில் பல்லை எடுத்து, பின்தங்கிய கீழ்த்தாடைக்குப் பொருந்த அந்த வரிசையைப் பின்னால் இழுத்துவிட்டால், பல் பொருந்தும், முகம் தட்டையாகும். திரும்பி வர வழி கடினம்.

நிழலுருவ அட்டைகள்

இனி அத்தையின் கண்ணை நேர்மையாகப் பயன்படுத்தும் வழி. பக்கத் தோற்ற ஆய்வுகள் பலவற்றில் புகைப்படத்துக்குப் பதில் கறுப்பு நிழலுருவத்தைக் காட்டுவார்கள். அதில் நிறம் இல்லை, பொட்டு இல்லை, மூக்குத்தி இல்லை, "நம்ம பொண்ணு" என்ற பாசமும் இல்லை. நம் ஊரில் நிறம் எவ்வளவு தூரம் தீர்ப்பைக் கெடுக்கும் என்பதை நினைத்தால், வீட்டில் செய்வதற்கும் இதுவே ஏற்றது. நிழலுருவத்தில் முகத்தின் உயிர் குறையும் என்பது உண்மை. அந்த விலையை இங்கே கொடுக்கலாம்.

அச்சிட்ட படத்தின்மேல் பட்டர் பேப்பரை வைத்து, நெற்றி முதல் கழுத்து வரை 0.5 பென்சிலால் மெல்லக் கோடு வரையுங்கள். இது மூல உருவம். அடுத்த தாளில் நெற்றி, மூக்கு, மோவாய், கழுத்தை அப்படியே வரைந்து, உதட்டுப் பகுதியை மட்டும் 2 மி.மீ. பின்னால் நகர்த்தி வரையுங்கள். மூக்கு உதட்டைச் சந்திக்கும் மூலையை நகர்த்தாதீர்கள். அங்கிருந்து மேலுதடு சாய்ந்து இறங்கட்டும். கீழுதட்டுக்கு அடியில் உள்ள பள்ளமும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கட்டும். பலர் செய்யும் தவறு, மூக்கடியிலிருந்து மோவாய் வரை முழுவதையும் பின்னால் தள்ளிவிடுவது. அப்படிச் செய்தால் தாடை அறுவை செய்த முகத்தைத்தான் வரைந்திருப்பீர்கள்.

மொத்தம் இத்தனை அட்டை: மூலம், உதடு 2, 4, 6 மி.மீ. பின்னால் என மூன்று. உதடு 2 மி.மீ. முன்னால் ஒன்று, உதட்டைத் தொடாமல் மோவாயை மட்டும் 4 மி.மீ. முன்னால் நகர்த்திய ஒன்று. மூலத்தின் இன்னொரு பிரதி. ஆக ஏழு. எல்லாவற்றையும் மார்க்கரால் நிரப்பி, ஒரே அளவு வெள்ளைத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து, பின்புறம் ஒழுங்கில்லாத எழுத்துகளால் குறியிடுங்கள்: ம, க, ட என்பதுபோல். 1, 2, 3 என்று எண் போட்டால் பார்ப்பவர் அதில் ஒரு ஏறுமுகத்தைத் தேடுவார்.

பத்துப் பேராவது வேண்டும். பாதிப் பேர் பெண்கள், பாதிப் பேர் சம்பந்தப்பட்டவரின் வயதை ஒட்டியவர்கள். "பல்லு தூக்கு" என்று ஏற்கெனவே சொல்லிவிட்ட வீட்டார் பட்டியலில் வேண்டாம். அவர்களிடம் கடைசியில் தனியாகக் கேட்கலாம். யாருடைய முகம் என்று சொல்லாதீர்கள். ஒருவர் மதிப்பிடும்போது இன்னொருவர் அறையில் இருக்கக் கூடாது. சித்தப்பா வாயைத் திறந்தால் மற்ற ஒன்பது பேரின் கருத்தும் அவருடையதாகிவிடும்.

முதலில் ஏழையும் வேகமாக ஒருமுறை காட்டுங்கள், ஒவ்வொன்றும் 3 நொடி. வித்தியாசங்களின் வீச்சு தெரியாமல் முதல் அட்டைக்கு மதிப்பெண் போட்டால் அது கண்மூடிப் போட்டதாகும். பிறகு கலைத்து, ஒவ்வொன்றையும் 10 நொடி காட்டி, 100 மி.மீ. நீளக் கோட்டில் ஒரு சிறு கோடு போடச் சொல்லுங்கள். இடமுனையில் "கொஞ்சமும் அழகாக இல்லை", வலமுனையில் "மிக அழகு". ஒவ்வோர் அட்டைக்கும் தனித் தாள். ஒரே தாளில் போட்டால் முந்தைய குறியைப் பார்த்து அடுத்ததை வைப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு மட்டும், அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டி, மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள்: "இந்த முகம் உங்களுடையதாக இருந்தால், நான்கு பல்லை எடுத்து இரண்டு வருடம் கிளிப் போட்டு மாற்றிக்கொள்வீர்களா?" ஆம், இல்லை, அவ்வளவுதான். மதிப்பெண் குறைவாகப் போட்ட முகத்துக்கும் பலர் "இல்லை" என்பார்கள். அந்த இடைவெளியைத்தான் நாம் தேடினோம்.

இடமுனையிலிருந்து ஒவ்வொரு குறியும் எத்தனை மி.மீ. என்று அளந்தால் அதுவே மதிப்பெண். மூலத்துக்கும் அதன் பிரதிக்கும் ஒருவர் 20-க்கு மேல் வித்தியாசம் போட்டிருந்தால் அவர் தாள்களை ஒதுக்கிவிடுங்கள். அவர் கவனமாகப் பார்க்கவில்லை. மீதிப் பேரின் சராசரியை எடுங்கள். பத்துப் பேர் என்பது சிறிய கூட்டம், அதனால் 10-க்குக் குறைவான வேறுபாட்டை வேறுபாடாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிக மதிப்பெண் பெற்ற அட்டையும் அதற்கு 10-க்குள் வரும் அட்டைகளும் சேர்ந்து ஒரு "ஏற்கும் பட்டை". பெரும்பாலும் இரண்டு மூன்று அட்டைகள் இதில் வரும். பொதுமக்களின் கண் ஒற்றைப் புள்ளியைத் தேடுவதில்லை.

மூலமும் பட்டைக்குள் இருந்தால், முகத்துக்காகப் பல் எடுக்கும் காரணம் பலவீனம். பல் நெருக்கம், உதடு மூடாமை என்று வேறு காரணம் இருக்கலாம், அதை அந்தப் பெயரிலேயே பேச வேண்டும். மூலம் பட்டைக்கு வெளியே, 2 அல்லது 4 மி.மீ. அட்டை பட்டைக்கு உள்ளே என்றால் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரம்பு கிடைத்துவிட்டது. 6 மி.மீ. அட்டை மூலத்தைவிடக் கீழே விழுந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். மோவாய் நகர்த்திய அட்டை எல்லாவற்றையும் முந்தினால், பல்லை எடுத்துத் தீர்க்கப் பார்ப்பது தவறான இடத்தில் கை வைப்பது.

சம்பந்தப்பட்டவரும் இதே அட்டைகளுக்கு மதிப்பெண் போடட்டும், கூட்டத்தின் முடிவைச் சொல்லாமல். சிகிச்சைக்கு வருபவர்கள் பொதுமக்களைவிடத் தங்கள் குறையில் கடுமையாக இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அவர் மதிப்பெண் கூட்டத்தைவிடக் கீழே இருந்தால் அது தவறல்ல. அந்த முகத்தோடு வாழப்போவது அவர். ஆனால் எவ்வளவு கீழே என்று அவருக்கே தெரிய வேண்டும்.

நிபுணரின் கண் ஏன் அப்படி

மருத்துவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அமெரிக்காவில் கோகிச் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், சிரிப்புப் படங்களில் பல் நடுக்கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் காட்டினார்கள். சீரமைப்பு நிபுணர்கள் 4 மி.மீ. விலகலில் குறை கண்டார்கள். பொதுப் பல் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் அதுவும் பெரிதாகப் படவில்லை. பயிற்சி கண்ணைக் கூர்மையாக்கும். பழுது கண்டுபிடிக்க அந்தக் கூர்மை வேண்டும். பொதுமக்கள் காணாததை அவர் காண்பதால்தான் கடி, ஈறு, எலும்பு ஆகியவற்றை அவரிடம் ஒப்படைக்கிறோம்.

அழகின் அளவுகோல் மட்டும் வேறு கதை. நவீன பல் சீரமைப்புத் துறையின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிள் காலத்தில் கிரேக்கச் சிலையின் முகம் இலட்சியமாக இருந்தது. பிறகு அவருடைய மாணவர் சார்ல்ஸ் ட்வீட், பல் எடுக்காமல் முடித்த தன் நோயாளிகளுக்கே மறுபடி பல் எடுத்துச் சிகிச்சை செய்து, தட்டையான முகத்தின் பக்கம் துறையைத் திருப்பினார். 1970-ல் ஹார்வி பெக், ஷெல்டன் பெக் இருவரும் அழகிப்போட்டி வென்றவர்கள், மாடல்கள், நடிகர்கள் முகங்களை அளந்து பார்த்தபோது, மக்கள் ரசித்த முகங்கள் நிபுணர்களின் அளவைவிட உதடு நிறைந்து முன்னால் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க ஃபேஷன் பத்திரிகைகளை வரிசையாக அளந்த ஆய்வும், பெண்களின் உதடு காலப்போக்கில் நிறைந்துகொண்டே வந்ததைக் காட்டியது. அளவுகோல் நகர்கிறது, எடுத்த பல் திரும்பாது.

மருத்துவரிடம் எதைக் கேட்பது

அட்டைகளையும் மதிப்பெண்களையும் கையோடு எடுத்துப் போங்கள். எம்.டி.எஸ். பல் சீரமைப்பு படித்தவரிடம் போங்கள். செஃப் எக்ஸ்ரேயும் (தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே) பல் அச்சும் எடுத்த பிறகு, "முன்பல் எத்தனை மி.மீ. பின்னால் போகும், உதடு எத்தனை போகும்?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

விடையைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. ஒரு முன்கடைவாய்ப்பல்லின் அகலம் சுமார் 7 மி.மீ. அந்த 7 மி.மீ. முழுவதும் முன்பல்லுக்குக் கிடைக்காது. பல் நெருக்கத்தைத் தீர்க்க ஒரு பக்கத்தில் 2 மி.மீ. போகும் என்போம். பின்னாலுள்ள கடைவாய்ப்பல் முன்னால் நழுவுவதில் இன்னொரு 2 மி.மீ. போகும். மிச்சம் 3. மேல் முன்பல் 1 மி.மீ. போனால் மேலுதடு சராசரியாக அரை முதல் முக்கால் மி.மீ. வரை போகும். ஆக மேலுதட்டில் 2 மி.மீ. அளவே மாற்றம். கீழுதடு பல்லைக் கொஞ்சம் நெருக்கமாகப் பின்தொடரும். எலும்பில் மினி ஸ்க்ரூ போட்டுக் கடைவாய்ப்பல்லை நழுவாமல் பிடித்தால் முன்பல் 5 மி.மீ. போகும், மேலுதடு சுமார் 3 மி.மீ. போகும். ஒரே "நாலு பல் எடுப்பது" இரண்டு வேறு முகங்களில் போய் முடியலாம் என்பது இங்கே தெரிகிறது. உதடு தடிமனாக இருந்தால் பின்தொடர்வது குறையும். மெல்லிய உதடு பல்லோடு சேர்ந்தே போய்விடும். மெல்லிய உதடும் பெரிய மூக்கும் உள்ளவருக்கு மினி ஸ்க்ரூ போட்டு முழுதாக இழுப்பதுதான் நான்கு பல் சிகிச்சையில் அடிக்கடி வருத்தம் தரும் சேர்க்கை.

கம்ப்யூட்டரில் "முடிந்ததும் இப்படி இருப்பீர்கள்" என்று காட்டும் படம் ஒரு மதிப்பீடு. அதிலும் உதடு எத்தனை மி.மீ. நகர்ந்திருக்கிறது என்று கேட்டு, உங்கள் அட்டைகளில் எதற்கு அருகில் வருகிறது என்று பாருங்கள். சந்தேகம் நீங்காவிட்டால், பல் எடுக்காமல் முதலில் வரிசைப்படுத்திவிட்டு, சில மாதம் கழித்து முகத்தை மறுபடி பார்த்து முடிவெடுக்கலாமா என்று கேட்பதும் நியாயமான கேள்வி. வரிசைப்படும்போது முன்பல் இன்னும் கொஞ்சம் முன்னால் வரும் என்பதை அறிந்தே அதைச் செய்ய வேண்டும். கல்யாணத் தேதி நெருங்குகிறது என்பதற்காக மட்டும் பல் எடுக்கத் தொடங்காதீர்கள். இரண்டு வருட வேலையை எட்டு மாதத்தில் யாரும் ஒழுங்காக முடித்துத் தர முடியாது. பாதியில் நிறுத்தினால் பல் எடுத்த இடம் ஓட்டையாகவே நிற்கும்.

இளம் பல் மருத்துவர்களுக்கும் ஒன்று. நோயாளியிடம் செஃப் எக்ஸ்ரேயைக் காட்டி "பல் இவ்வளவு முன்னால்" என்று தொடங்காதீர்கள். முதலில் புகைப்படத்தைக் கொடுத்து, "இதில் உங்களை உறுத்துவது எது?" என்று கேட்டு, விடையைச் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கேட்டுவிட்ட நோயாளியால் பிறகு தன் முகத்தை அந்த எண் இல்லாமல் பார்க்க முடிவதில்லை. ஒரு கோணல் பல்லுக்காக மட்டும் வந்தவர், "உதடும் தள்ளியிருக்கு" என்ற கவலையோடு வீடு திரும்புவது இப்படித்தான்.

பல் எடுத்துச் சிகிச்சை தொடங்கினால், அதே சுவர், அதே 1.5 மீட்டர், அதே தளர்ந்த உதட்டோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள். உயிரளவில் அச்சிட்டு, நீங்கள் தேர்ந்த பட்டையின் அட்டையை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடைவெளி மூடும் முன்பே உதடு பட்டைக்குள் வந்துவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பல்லை அங்கேயே நிறுத்தி, மீதி இடத்தைக் கடைவாய்ப்பல்லை முன்னால் கொண்டுவந்து மூட முடியும். இதற்கு ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ.க்கு மேல் இடம் மிச்சமிருக்கும்போதே பேச வேண்டும்.